வேறு தீனி

அந்த மருந்து பால் போல வெள்ளையாக இருக்கும். நல்ல பால் அல்ல. விருந்தாளிகள் சொல்லாமல் வந்து நின்றால் வீட்டில் தண்ணீர் விட்டுப் பெருக்குவோமே, அந்தப் பால். என் மனைவி போய் ஒரு ஓணம் கழிந்துவிட்டது. இன்றைக்கும் யாராவது பால் பாக்கெட்டைக் கழுவி ஊற்றுவதைப் பார்த்தால், கம்பியில் தொங்கிய அந்தக் குப்பியும், அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு படுத்திருந்த அவளும்தான் நினைவுக்கு வருகிறார்கள். டீக்கடைக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன்.

திருவனந்தபுரத்தில், சாலை என்று பேர் கொண்ட கடைவீதியை ஒட்டிய ஒரு சந்தில் எனக்குப் பலசரக்குக் கடை. பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். ஆனால் எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் ஊர் இதுதான். பலசரக்குக் கடைக்காரனுக்கு அழைக்காமல் வந்து சேரும் பங்காளிகள் இரண்டு பேர். ஒன்று வரித்துறை, இன்னொன்று எலி. வரித்துறையை நான் பார்த்துக்கொண்டேன். எலி அவள் பொறுப்பு.

அதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எலித் தொல்லை மிஞ்சிவிட்டால் கடை அடைக்கும் நேரத்துக்கு வந்து நிற்பாள். ஒவ்வொரு சாக்கின் வாயையும் கட்டச் சொல்வாள். தகர டின்களுக்கு மூடி போட வேண்டும். தராசுத் தட்டைத் துடைக்க வேண்டும். மூலையில் நாலு பயறு சிந்திக் கிடந்தாலும் விடமாட்டாள், கூட்டிப் பெருக்கி அள்ளிய பிறகுதான் பையிலிருந்து அந்த உருண்டைகளை எடுப்பாள். பொட்டுக்கடலை மாவும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் எலி மருந்து வைத்து உருட்டியது. பார்த்தால் நமக்கே எடுத்து வாயில் போடத் தோன்றும். நான் சோம்பலில் ஒரு சாக்கைக் கட்டாமல் விட்டிருந்தால் வசமாக வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

“பக்கத்துல வேற தீனி கெடந்தா அது நம்ம உருண்டைய மோந்துகூடப் பாக்காது, கேட்டியளா? எலிக்கு மொதல்ல பசிக்கணும்” என்பாள்.

மறுநாள் காலையில் உருண்டைகள் தொடாமல் கிடந்தால் கடை முழுக்க ஒரு சுற்று சுற்றி வருவாள். எங்கேயாவது ஒரு கிழிந்த பொட்டலம் அகப்படும். “பாத்தியளா, வேற தீனி கெடந்திருக்கு” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவாள். அதில் கோபம் இருக்காது. கணக்குப் போட்டு விடை சரிபார்த்த மாதிரி ஒரு குரல்.

மார்பில் வந்த கட்டியை எடுத்துச் சில வருஷம் நிம்மதியாக இருந்தோம். பிறகு அது நுரையீரலில் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் முறை ஏற்றிய மருந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே முகம் சிவந்து, தொண்டை அடைத்து, மூச்சுக்குத் தவித்துவிட்டாள். நர்சுகள் ஓடி வந்தார்கள். நான் ஒன்றும் செய்யத் தெரியாமல் அவள் செருப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன், ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அதன் பிறகுதான் டாக்டர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மலையாளிப் பையன், என் மகள் வயதுதான் இருக்கும். தெற்கேயிருந்து வரும் நோயாளிகளிடம் பேசிப் பேசித் தமிழ் பழகியவர்.

“அம்மே, பயப்படண்டா. அந்த மருந்து தண்ணியில கரையாது. அத கரைக்க ஒரு எண்ண மாதிரி சாதனம் சேக்கணும். அம்மைக்குப் பிடிக்காதது அந்த எண்ணதான். இனி தரப்போறதும் மருந்து அது தன்னே. பட்சே எண்ண இல்ல. நம்ம ரத்தத்துல ஆல்புமின்னு ஒரு புரோட்டீன் உண்டு. அதுல மருந்தப் பொதிஞ்சு சின்னச் சின்ன உருண்டையா ஆக்கி வச்சிருக்கு. கண்ணால காணப் பற்றில்ல, பாக்க முடியாது, அத்தரை சின்னது.”

“அது எப்படி நேரா அங்க போகும்?” என்று அவள் கேட்டாள்.

“எல்லாம் அங்க போகாது. பட்சே அங்க கொஞ்சம் கூடுதல் போகும். கேன்சர் செல்லுக்கு ஆர்த்தி, அதாவது பசி, அதிகம் அம்மே. சட்டுனு வளரணுமில்லே? புரோட்டீன் கண்டா பிடிச்சு உள்ள எடுத்துக்கும். உள்ள போன பின்னே மருந்து அதோட வேலையக் காட்டும்.”

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. “எலிக்கு உருண்டை வைக்கற மாதிரியாக்கும்” என்றாள்.

டாக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். “அது தன்னே! நாளைக்கு ஸ்டூடென்ட்ஸுக்கு இப்படியே சொல்லிக் கொடுக்கறேன்.”

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த நோய் வந்த நாளிலிருந்து எல்லாரும் அவளுக்குப் புரியாத பாஷையில்தான் பேசினார்கள்; அவளும் தலையை ஆட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்த வித்தைக்குள் நோய் வந்து அகப்பட்டது. வராந்தாவில் நடக்கும்போது, “அந்த ஆல்புமின் யாரு ரத்தத்துல எடுத்ததோ?” என்றாள். யாரோ புண்ணியவான் என்றேன். “நல்லாச் சாப்பிட்டவனா இருக்கணும்” என்றாள். நோய் வந்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

கிளம்பும்போது டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். உடம்பு தாங்க வேண்டும். பருப்பு, பயறு, தயிர் எல்லாம் சாப்பிட வேண்டும். முடிந்தால் தினமும் முட்டையின் வெள்ளைக்கரு. எங்கள் வீட்டில் முட்டை நுழைந்தது கிடையாது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான்தான், “அதெல்லாம் பாத்துக்கலாம் டாக்டர்” என்று வீரம் பேசிவிட்டு வந்தேன்.

வீரம் பேசியவனுக்கு முட்டை வாங்கப் போக வெட்கம். சாலையில் என்னைத் தெரியாத கடை கிடையாது. மலையடிவாரத்து ஊரான வித்துராவுக்கு ஒரு வேலையாகப் போனபோது, இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துச் சந்தை முக்கில் ஒரு தட்டு முட்டை வாங்கினேன். திரும்பினால் எங்களிடம் சரக்கு எடுக்கும் கடைக்காரர் நிற்கிறார். “அண்ணாச்சி, முட்டையோ?” என்று அவர் கேட்ட கேள்விக்கு அந்தத் தெருவே திரும்பிப் பார்த்தது. வளைந்து வளைந்து இறங்கும் அந்த ரோட்டில், பஸ்ஸில் மடியில் முட்டையை வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். நனைந்த பிறகு முக்காடு எதற்கு? அடுத்த வாரத்திலிருந்து கடைக்கு எதிரேயே வாங்க ஆரம்பித்தேன்.

பின்கட்டில் ஒரு பழைய பாத்திரம் வைத்து அவிப்பேன். தோல் உரிக்கும்போது பாதி வெள்ளை தோலோடு போய்விடும். மஞ்சளை எடுத்துவிட்டு மிளகும் உப்பும் தூவிக் கொண்டுபோனேன். அவள் தட்டைப் பார்த்துவிட்டு, “நொங்கு மாதிரி இருக்கே” என்றாள். பிறகு, “அங்க வச்சிட்டுப் போங்க. நீங்க பாத்துக்கிட்டு நின்னா எனக்கு எறங்காது” என்றாள். கொஞ்ச நேரத்தில் தட்டு காலியாகத் திரும்பும். மத்தியானச் சோறும் பருப்பும் அப்படியே. கழுவின மாதிரி இருக்கும் தட்டு. என் சமையலுக்கு இப்படி ஒரு மரியாதையா என்று நானே மீசையைத் தடவிக்கொண்டேன்.

வெள்ளை மருந்து ஆரம்பித்தது. இந்த முறை மூச்சுத் திணறல் இல்லை, அரிப்பு இல்லை. அவள் குப்பியையே பார்த்துக்கொண்டிருப்பாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, “மோந்து பாக்குதோ என்னவோ” என்பாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கும் எலிக் கதையைச் சொல்லி விளக்கினாள்.

சில வாரம் கழித்து ஒரு நாள், மருந்து ஏற்றுவதற்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் இன்றைக்கு வேண்டாம் என்றார். எடை இறங்கியிருக்கிறது, வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கின்றன, ஆல்புமினும் மிகக் குறைவு. “அம்மை சரியா ஆகாரம் கழிக்குந்தில்லே? சாப்பிடறதில்லையா?” என்று என்னைக் கேட்டார்.

“முட்டையே தின்னுக்கிட்டிருக்கா டாக்டர்! தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்கறதில்ல” என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு தேறிய பிறகு ஏற்றலாம் என்று அனுப்பிவிட்டார்கள். மருந்துக்கு வெளியே போர்த்தியிருப்பது ஆல்புமின், என் வீட்டில் இருப்பவளுக்கு ஆல்புமின் இல்லை. இது என்ன கொடுமை என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, “எங்க நாய் இப்பம் வீட்டுல ஒண்ணும் திங்க மாட்டேங்குது. எப்பப் பாத்தாலும் உங்க ஜன்னலுக்குக் கீழதான் நிக்குது” என்று சிரித்தார். நான் நாயைப் பார்த்தேன். எலும்பும் தோலுமாகத் திரிந்த ஜந்து. இப்போது முதுகு பளபளவென்று, கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. மனசுக்குள் எதுவோ இடறியது. மறுநாள் முட்டைத் தட்டை வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறவன் போல வாசல் வரை போய், வீட்டைச் சுற்றிப் பின்னால் வந்தேன். ஜன்னல் கம்பிக்கு வெளியே அவள் கை நீண்டது. என் கையால் உரித்த முட்டை ஒவ்வொன்றாகக் கீழே நாயின் முன்னால் போய் விழுந்தது.

எனக்குக் கோபம் வந்தால் தலை கால் தெரியாது. உள்ளே போய்க் கத்தின கத்தலில் மகள் அறையிலிருந்து ஓடி வந்தாள். அவளுக்குக் கழக்கூட்டம் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. அன்றைக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உயிர் போற நேரத்துல என்னட்டி சைவம்? நான் ஊர் சிரிக்க முட்டை சுமந்துட்டு வாறேன், நீ நாய்க்குப் போடுத! பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?”

“அப்பா, பகளம் வைக்காதீங்க. வெளிய கேக்கும்” என்றாள் மகள்.

என் மனைவி நான் ஓய்கிற வரைக்கும் பொறுத்திருந்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

“சைவம்னு யாரு சொன்னா? ரெண்டு நாளு தின்னு பாத்தேன், நல்லாத்தான் இருந்துது. அதுக்கில்ல. நான் முட்டையும் பருப்பும் தின்னா உள்ள இருக்கதும் திங்குமா இல்லியா? வயிறு நெறஞ்சு கெடந்தா, அந்த வெள்ள மருந்து வரும்போது திரும்பிப் பாக்குமா? அதுக்குப் பசிக்க வேண்டாமா? சாக்கையெல்லாம் தொறந்து போட்டுட்டு எலிக்கு மருந்து வைக்கச் சொல்லுதிய.”

நான் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். மறைப்பானேன், ஒரு நிமிஷம் அவள் சொல்வதுதான் சரி என்று எனக்கே பட்டது.

பிறகுதான் இன்னொன்று உறைத்தது. என் மனைவி பசி பொறுக்காதவள். கல்யாணமான புதிதில் கோயிலில் தீபாராதனைக்குக் காத்து நிற்கும்போதே, “பசிக்கு” என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தவள். ஊரெல்லாம் சஷ்டி விரதம் இருந்தால் இவள் மட்டும், “முருகன் சாப்பிடாண்டாம்னா சொன்னாரு?” என்று இட்லி தின்பாள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது இவளுக்காகவே சொன்னது என்று நான் கேலி செய்வேன். அப்படிப்பட்டவள் அடுத்த வீட்டில் தோசை வார்க்கும் வாசனையை முகர்ந்துகொண்டு வாரக்கணக்கில் பட்டினி கிடந்திருக்கிறாள். முகத்தில் நான் பார்த்த வாட்டத்தை எல்லாம் நோய் என்று நினைத்தேன். அதில் பாதி வெறும் பசி. 

அடுத்த நாளே அவளை டாக்டரிடம் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னோம். அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

“அம்மே, கடைய அடைச்சா எலிக்குத் தீனி கிட்டாது. சரி. பட்சே இதோட கடை அம்மையோட தேகமாக்கும். அத அடைக்கப் பற்றில்ல. நீங்க சாப்பிடல்லெங்கில் அது பட்டினி கிடக்காது, உங்களத்தான் தின்னும். நீங்க க்ஷீணிச்சா மருந்து தர எனக்குப் பற்றில்ல.”

அவள் மரியாதையாகக் கேட்டுத் தலையாட்டினாள். ஆட்டோவில் ஏறின பிறகு சொன்னாள்: “நல்ல பையன். பாவம், எலி பிடிச்சிருக்க மாட்டான்.”

அதன் பிறகு நான் கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு, மூன்று வேளையும் அவள் எதிரில் உட்கார ஆரம்பித்தேன். “உங்களுக்காகத் திங்கேன்” என்று சொல்லித்தான் ஒவ்வொரு தடவையும் கையை வைப்பாள். நாலு வாய் இறங்கியதும் “மதி” என்பாள். எங்கள் வீடுகளில் ‘போதும்’ போய் மலையாளத்து ‘மதி’ வந்து வெகு காலமாகிறது. அவள் மதி என்பாள், நான் இன்னும் ஒரு வாய் என்பேன். கெஞ்சுவேன், கத்துவேன், கையைப் பிடித்துக்கொள்வேன். சில நாள் கண்ணில் நீர் வழிய விழுங்குவாள். ஆனால் எடை கொஞ்சம் ஏறியது, ரத்தமும் தேறியது. வெள்ளை மருந்தைத் திரும்ப ஆரம்பித்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பாமலே பேசினார். நுரையீரலில் இருந்தது வளர்ந்திருக்கிறது, ஈரலுக்கும் போயிருக்கிறது. சிலருக்கு இந்த மருந்து கேட்கும், சிலருக்குக் கேட்காது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை என்றார். “ஆகாரத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, கேட்டோ” என்று அவளிடம் ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்து முடித்தார். இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவள் எழுந்து, “நல்லா வெளங்கும்படி சொல்லித் தந்திய டாக்டர்” என்று கும்பிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கிழக்கேகோட்டையில் ஆட்டோ நெரிசலில் நின்றது.  முன்னால் நின்ற பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

“வேற தீனி கெடந்திருக்கும்.”

என்னைக் குற்றம் சொல்லவில்லை. காலையில் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்வாளே, அதே குரல். டாக்டர் சொன்னதெல்லாம் எனக்கு நாக்கு நுனியில் இருந்தது.  டாக்டர் சொன்னதுதான் உண்மை, எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு அது உண்மை இல்லையே. நான் ஊட்டிய ஒவ்வொரு வாயும் தன் மருந்தைக் கெடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் அத்தனை மாதமும் விழுங்கியிருக்கிறாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன் என்பதற்காக. என் கோபத்துக்குப் பயந்தா, என் மேல் இருந்த பிரியத்தாலா, எதனால் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு அவளாகவே சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். “பசிக்கு. சோறு இருக்கா?” என்றாள்.

மகள் அவசரமாகப் பருப்பைச் சுட வைத்தாள். நான் சோறு போட்டு, நெய் ஊற்றி, காலையில் அவித்த முட்டையை நறுக்கிப் பக்கத்தில் வைத்தேன். அவள் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். நின்று நிதானமாக, விரலை வழித்து, அந்தக் காலத்தில் சாப்பிடுவாளே அப்படி. முட்டையை மிளகில் தொட்டுத் தின்றாள். நான் கரண்டியும் கையுமாக, எப்போது மதி என்று சொல்வாள் என்று காத்து நின்றேன். நாலு வாய் தாண்டியது. தட்டு காலியானது. அவள் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

“இன்னும் கொஞ்சம் போடுங்க” என்றாள். பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “இனி பட்டினி கெடந்து என்னத்துக்கு?”

அடுக்களை வாசலில் நின்ற மகளுக்கு அது கேட்கவில்லை. அம்மா எவ்வளவு நாளைக்குப் பிறகு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள் என்று முகமெல்லாம் சிரிப்பாக எனக்குக் கையைக் காட்டினாள். நான் எத்தனையோ நாள் சாமியிடம் கேட்டது அதைத்தான். நான் சோற்றை அள்ளி அள்ளிப் போட்டேன். அவள் மதி என்று சொல்லவே இல்லை.